டீசல் மிதித்த காலும் சாமி அலமாரியும்

பெட்ரோல் கீழே சிந்தினால் கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும். டீசல் அப்படிப் போகாது. ஏறக்குறைய 52 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றுகிற அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பும். சாதாரண வெயிலுக்கு அது வெறும் எண்ணெய். சிமென்ட் தரையில் படிந்து, மேலே புழுதி சேர்ந்து, கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு கிடக்கும். ஒரு மழை பெய்தால் வானவில் நிறத்தில் ஓர் ஏடாக மிதக்கும். மிதித்தவர் ஷூவில் ஏறி வந்து, வண்டிக்குள் விரித்த கம்பளத்தில் இறங்கி, வெயில் ஏற ஏற மணக்க ஆரம்பிக்கும். அந்த வாடை குடிநீரில், தலையணையில், ஆறவைத்த சாதத்தில்கூட இருப்பதுபோல் மூக்குக்குப் படும்.

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவரும் ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆர்.வி. வாங்கினோம். 38 அடி நீளம், பஸ் மாதிரி. உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. எஞ்சின் பின்னால். டீசல் டேங்க் மட்டும் 100 கேலன், அதாவது 380 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கார்கள் நிற்கிற பங்கில் இதைத் திருப்பவே முடியாது. அதனால் லாரிகளோடு லாரியாக ட்ரக் ஸ்டாப் வரிசையில்தான் நிற்போம். அங்கே தரை முழுக்க டீசல்தான். பெரிய நாசில், வேகமான பம்ப், அவசரத்தில் இருக்கும் மனிதர்கள். டேங்க் வாயில் நுரை பொங்கி வெளியே துப்புவது சாதாரணம்.

எங்கள் வண்டியின் படியேறி மூன்று எட்டு வைத்தால் அடுப்பு. அடுப்பை ஒட்டிய அலமாரியில் சாமி. பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் வாங்கிய அம்மன் படம், ஒரு விபூதிச் சம்புடம், பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு. கேஸ் சிலிண்டரும் டீசலும் சுமக்கிற வண்டியில் திரி ஏற்றமாட்டேன். ஆக, டீசல் மிதித்த காலுக்கும் அம்மனுக்கும் நடுவே எங்கள் வீட்டில் இருப்பது மூன்று எட்டு. ஊரில் வாசல், திண்ணை, ரேழி, கூடம் என்று தாண்டித் தாண்டித்தான் சாமி அறை வரும். அவ்வளவு தூரத்தில் காலும் காய்ந்துவிடும், மனமும் அடங்கிவிடும். இங்கே அந்தத் தூரத்தையும் நாங்களேதான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

உண்டாக்கும் விதம் இது. வண்டியின் அடிப்பகுதியில் வெளியிலிருந்து திறக்கும் பெட்டி ஒன்றில், டீசல் போடுவதற்கென்றே ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கிறது. தோல் கூடாது, குடித்துவிடும். இயற்கை ரப்பரும் டீசலில் ஊறி உப்பும். நைட்ரைல் கலந்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ்தான் தாங்குகிறது. கணவர் படியில் உட்கார்ந்து வீட்டுச் செருப்பை உள்ளே விட்டுவிட்டு, காலை வெளியே நீட்டி பூட்ஸை மாட்டுவார். நைட்ரைல் கிளவுஸும் போட்டுக்கொள்வார். நாசில் தானாக நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் என்று அழுத்துவதில்லை. சிந்துவதில் பெரும்பங்கு அந்தக் கடைசிக் கொஞ்சத்தில்தான். திரும்பி வரும்போது பூட்ஸ் வெளிப்பெட்டிக்கே போகும், வீட்டுச் செருப்பு படியில் காத்திருக்கும்.

கிளவுஸ் கழற்றுவதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். ஒரு கையால் மற்ற கையின் கிளவுஸை மணிக்கட்டுக்குக் கீழே வெளிப்பக்கமாகப் பிடித்து உரிக்க வேண்டும். உரித்ததைக் கிளவுஸ் போட்ட கைக்குள்ளேயே சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெறும் விரலை இரண்டாவது கிளவுஸின் உள்பக்கம் விட்டு, தோலை ஒட்டியே கீழே தள்ளினால், முதல் கிளவுஸையும் விழுங்கிக்கொண்டு அது உள்வெளியாகப் புரண்டு வரும். அழுக்கெல்லாம் உள்ளே போய்விடும். சுத்தமானது சுத்தத்தையும் அழுக்கானது அழுக்கையும் மட்டுமே தொட வேண்டும். மதுரையில் பயிற்சிப் பெண்ணாகச் சேர்ந்த நாளில் இருந்து என் கை இதைச் செய்துகொண்டிருக்கிறது.

ஒரு கோடையில் மாமியார் எங்களோடு வந்திருந்தார். மடி, ஆசாரம் எல்லாம் பார்க்கிறவர். எதையும் கூர்ந்து கவனிக்கிறவரும்கூட. ட்ரக் ஸ்டாப்பில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“டீசல் பட்ட கையோட அவன் உள்ள வரலாமாம்மா?”

“கழுவிட்டுத்தான் வரார் அத்தை.”

“கழுவினாப் போயிடுமா?”

“சோப்பு போட்டுத் தேச்சா போயிடும் அத்தை.”

“அப்போ அது தீட்டு இல்லே. வெறும் அழுக்கு” என்று சொல்லிவிட்டு ஜபமாலையை எடுத்துக்கொண்டார்.

அவர் போகிற போக்கில் சொன்னதை என்னால் அப்படி விட முடியவில்லை. கழுவினால் போவது அழுக்கு. கழுவியும் போகாதது தீட்டு என்றால், அது எதன் மேல் ஒட்டியிருக்கிறது? தோலில் இருந்தால் சோப்பு எடுத்துவிட்டிருக்கும். பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறதா, தொடப்பட்டவர் பிறப்பில் இருக்கிறதா, கடவுளின் விருப்பத்தில் இருக்கிறதா? ஷூவை வாசலில் கழற்றும் ஒவ்வொரு முறையும் நான் செய்வது சுகாதாரமா, வழிபாடா, அல்லது எங்கள் தெரு எனக்குச் சொல்லிக்கொடுத்த வேறொன்றா? ஆன்மிகம் பேசுகிற பலர் இந்த மூன்றையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். ‘அந்தக் காலத்திலேயே நம் முன்னோர் கிருமியை அறிந்திருந்தார்கள், அதனால்தான் ஆசாரம் வைத்தார்கள்’ என்று மேடைகளில் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கிருமியோடு வேலை செய்தவள் என்ற முறையில் இதை நான் ஏற்கமாட்டேன். கிருமிக்கு ஜாதி தெரியாது. ஆசாரத்துக்குத் தெரிந்திருந்தது.

மேரி டக்ளஸ் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் 1966-ல் ‘ப்யூரிட்டி அண்ட் டேஞ்சர்’ என்ற புத்தகத்தை எழுதினார். அழுக்கு என்று தனியாக ஒரு பொருள் உலகத்தில் கிடையாது, இடம் மாறி நிற்கும் எதுவும் அழுக்குதான் என்பது அதில் அவர் எடுத்துச் சொல்லும் கருத்து. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டிலேயே ஷூ வருகிறது: ஷூ தன்னளவில் அழுக்கு இல்லை, சாப்பாட்டு மேஜை மேல் வைத்தால்தான் அழுக்கு. ட்ரக் ஸ்டாப்பில் நிற்கும்போது இது எவ்வளவு உண்மை என்று தெரியும். டேங்க்குக்குள் இருக்கும் வரை டீசல் எங்களைக் கொலராடோ மலை மேல் ஏற்றுகிறது. கம்பளத்தில் விழுந்தால் அதே டீசலை நாங்கள் சபிக்கிறோம்.

பக்கத்தில் இன்னொரு திரவமும் ஊற்றுவோம். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக இப்போதைய டீசல் வண்டிகளுக்கு அது தேவை. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி தாதுக்கள் நீக்கிய தண்ணீர். சிந்தினால் காய்ந்து வெள்ளைப் படிகமாக ஷூ விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். யூரியாவைக் கூடையில் அள்ளி வயலில் வீசுவதைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே பயிருக்குச் சோறு, இங்கே காலுக்குக் கறை. பொருள் ஒன்றுதான், இடம்தான் வேறு.

டக்ளஸ் சொல்வதில் பாதி எனக்கு உதவுகிறது. மறு பாதி போதவில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ஷூவின் இடத்தை நான் முடிவு செய்யலாம், ஷூ வருத்தப்படாது. ஒரு மனிதனின் இடத்தை இன்னொருவர் முடிவு செய்துவிட்டு, அந்த இடத்தை விட்டு அவன் நகர்ந்தால் அழுக்கு என்று சொன்னால் என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் நிலத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர், எங்கள் தெருமுனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு நடந்து, கொல்லை வழியாகச் சுற்றி வந்து நிற்பார். அவர் காலில் ஒட்டியிருந்தது வயல் சேறு. அதே சேற்றில் அவர் கையால் விளைந்த நெல் எங்கள் வீட்டுக் குதிரில் நிறைந்திருந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-ல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்கள் தெருமுனைக்கு அது வந்து சேரப் பல வருஷங்கள் ஆயின.

செருப்பைக் கழற்றுவது என்ற ஒரே செயலைத்தான் என் அப்பா கோயில் வாசலிலும் செய்தார், அந்தப் பெரியவர் எங்கள் தெருமுனையிலும் செய்தார். குனிவது, கழற்றுவது, வெறுங்கால் வைப்பது, எல்லாம் ஒன்றுதான். அப்பா குனிந்தது அன்பினால். அந்தப் பெரியவரைக் குனிய வைத்தது பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சடங்குகளில் இருக்கும் பெரிய ஆபத்து.

நந்தனார் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார், 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சரித்திரக் கீர்த்தனையாக்கினார். அந்தக் கதையில் என் மனம் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. நந்தனார் கோயில்களுக்கு என்ன கொடுத்தார் என்று சேக்கிழார் சொல்கிறார்: பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. அவர் பதப்படுத்திய தோல் கோயிலுக்குள்ளே போய் இறைவன் முன் முழங்கியது. அவர் மட்டும் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது. தில்லையில் அவரை நெருப்பில் இறங்கி எழச் சொன்னார்கள், முப்புரிநூல் மார்போடு எழுந்தார் என்கிறது புராணம். அடியார் சரித்திரங்களை நான் பக்தியோடு படிக்கிறவள். ஆனாலும் சொல்கிறேன், அந்த நெருப்பு எனக்கு உடன்பாடில்லை. கழுவப்பட வேண்டியது நந்தனாரின் உடம்பு இல்லை, அவரை நிறுத்திவைத்த வாசல். நந்தி விலகியதோடு அந்தக் கதை முடிந்திருந்தால் என் வழிபாட்டில் எனக்கு ஒரு நெருடலும் இருந்திருக்காது.

யோகம் பயில்கிறவர்கள் சௌசம் என்ற தூய்மையைக் கொண்டாடுவார்கள். பதஞ்சலி வகுத்த ஐந்து நியமங்களில் அதுதான் முதலாவது. அதனால் என்ன பலன் என்று அவர் நூலின் இரண்டாம் பாதத்தில் 40-வது சூத்திரம் சொல்வதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. தூய்மையில் நிலைத்தவனுக்குத் தன் உடம்பின் மேலேயே ஒரு அருவருப்பு வரும், பிறரோடு சேராத நிலை வரும் என்கிறது அது. பதஞ்சலி இதைத் துறவு நோக்கிப் போகிறவனுக்குச் சொன்னார். அடுத்த சூத்திரத்தில் மனத்தெளிவையும் புலனடக்கத்தையும் சொல்லி அதை உயர்த்துகிறார். காட்டில் தனியாக இருக்கிறவனின் அந்த விலகலால் யாருக்கும் கெடுதல் இல்லை. தெருவில் குடியிருக்கிறவர்கள் அந்த விலகலை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் உடம்பின் மேல் வர வேண்டிய அருவருப்பை அடுத்தவர் உடம்பின் மேல் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசாரத்தின் வீழ்ச்சி அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அமெரிக்க நெடுஞ்சாலையில் வேறு வாசல்களையும் பார்த்தேன். பல ட்ரக் ஸ்டாப்புகளில் பழைய டிரெய்லர் ஒன்றையே சின்ன தேவாலயமாக்கி நிறுத்தியிருப்பார்கள். நாலு படி ஏறினால் உள்ளே சில நாற்காலிகள், ஒரு சிலுவை, மேஜையில் பைபிள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஏறி உட்கார்ந்தேன். மதுரையில் எங்கள் விடுதி ஜெபக்கூடத்தில் கிறிஸ்தவப் பெண்களும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். நம் கிராமத்துக் கோயில் ஆனாலும் சர்ச் ஆனாலும் வாசல் பழக்கம் அதுதான். இங்கே ஒருவரும் கழற்றவில்லை. எனக்கு முன்னால் இருந்த டிரைவர் அதே பூட்ஸோடு முழங்காலிட்டார். பூட்ஸின் அடிப்பாகம் இரண்டும் என் முகத்துக்கு நேரே திரும்பி இருந்தன. பள்ளங்களில் கறுப்பு எண்ணெய், நடுவே ஒட்டிய சரளைக் கல், குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. டீசல் வாடை நன்றாகவே அடித்தது. அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அவர் வேண்டுதல் போய்ச் சேராது என்று சொல்ல எந்த ஆசாரத்துக்கும் உரிமை இல்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தெளிவாயிற்று. அதே பைபிளில்தான், எரியும் புதருக்கு முன் செருப்பைக் கழற்று என்று மோசேக்குக் கட்டளை வருகிறது. சீடர்களின் கால்களை இயேசு கழுவியதும் அதில்தான் இருக்கிறது. கழற்றச் சொன்னதையும் கழுவியதையும் அந்த மதம் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

இஸ்லாத்தில் பயணிக்குக் காட்டும் பரிவும் என்னைத் தொட்டது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைச் செய்து காலுறை போட்டுக்கொண்டவர், ஊரில் இருந்தால் ஒரு நாள் ஒரு இரவும், பயணத்தில் மூன்று நாள் மூன்று இரவும், காலைக் கழுவாமல் காலுறையின் மேல் ஈரக்கையால் தடவிக்கொண்டால் போதும். தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணே போதும். வழியில் இருக்கிறவனுக்கு வீட்டில் இருப்பவனின் சட்டத்தைப் போடாத மார்க்கம் மனிதனை அறிந்த மார்க்கம்.

எல்லாவற்றிலும் என்னை ஆழமாகப் பாதித்தது சீக்கியர்களிடம் கண்டதுதான். ஓக்லஹோமா, டெக்ஸாஸ் வழியாகப் போகும் ஐ-40 நெடுஞ்சாலையில் பஞ்சாபி தாபாக்கள் இருக்கின்றன. பஞ்சாபிகள் நிறையப் பேர் அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறார்கள். அப்படி ஒரு தாபா வாசலில் ஒரு சர்தார்ஜி தன் லாரியில் ஏறுவதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது படியில் நின்று, ஒரு காலால் மறு காலின் ஷூவைக் குதிகாலில் மிதித்துக் கழற்றி, இரண்டையும் படியிலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டு, காலுறையோடு உள்ளே போனார். இருக்கைக்குப் பின்னால் அவருடைய படுக்கை. அவருக்கும் அது வீடு. பேச்சுக் கொடுத்தபோது, “அம்மாஜி, ஊருக்குப் போனால் குருத்வாராவில் நான் ஜோடா சேவை செய்வேன்” என்றார். குருத்வாராவுக்கு வருகிறவர்களின் ஷூக்களை வாங்கி, துடைத்து, அடுக்கி, திருப்பிக் கொடுக்கும் தொண்டு அது. பணக்காரர், அதிகாரி, டாக்டர் என்று யாரும் உட்கார்ந்து அதைச் செய்வார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலில் நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்போல் தெரிந்த ஒரு பெண், முன்பின் தெரியாத ஒருவரின் செருப்பைத் தன் துப்பட்டா முனையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேயும் கோயிலுக்குள் செருப்பு போகாது. உள்ளே நுழையும் வழியில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்துத்தான் போக வேண்டும். சுத்தத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்தச் சுத்தத்தை உண்டாக்குகிறவர் யாரையும் விட்டு விலகி நிற்கவில்லை. அடுத்தவரின் அழுக்கைத் தானே கையில் வாங்கிக்கொள்கிறார். நம்மிடமும் இதற்கு இடம் இருக்கிறது. பரதன் அரியணையில் ஏற்றியது அண்ணனின் பாதுகையை. பெருமாள் கோயிலில் நம் தலைமேல் வைக்கும் சடாரியின் உச்சியில் இருப்பது திருவடி. ஸ்ரீரங்கத்துப் பாதுகையின் மேல் வேதாந்த தேசிகர் 1008 பாட்டுப் பாடியிருக்கிறார். தெய்வத்தின் பாதுகையைத் தலையில் தாங்கத் தெரிந்த ஊர், உழுகிறவனின் செருப்பைக் கக்கத்தில் இடுக்க வைத்தது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி என் முடிவுக்கு வருகிறேன். ஒரு தூய்மைப் பழக்கம் சமயமா இல்லையா என்று சோதிக்க, அந்த அழுக்கு அடுத்து எங்கே போகிறது, யார் அதைச் சுமக்கிறார் என்று கேட்டால் போதும். அழுக்கு மாயமாக மறைவதில்லை. ஒரு தரையிலிருந்து போனால் இன்னொரு தரைக்குப் போகும், ஒரு கையிலிருந்து போனால் இன்னொரு கைக்கு. எங்கள் ஊர் ஆசாரம் தன் வாசலைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு, அந்த அழுக்கை எடுத்துச் செல்லச் சில மனிதர்களைப் பரம்பரையாக நியமித்து, எடுத்துச் சென்ற காரணத்துக்காகவே அவர்களை அழுக்கு என்றது. குருத்வாரா வாசலில் அழுக்கைச் சுமப்பது புண்ணியமாக இருக்கிறது. எங்கள் ஊரில் அதைச் சுமந்தவர் தீண்டப்படாதவர் ஆனார்.

இந்தக் கேள்வியை என் வண்டிக்கும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். நியூ மெக்ஸிகோவில் ஒரு ட்ரக் ஸ்டாப். பெண்கள் கழிப்பறையில் ஒரு இளம்பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பெண். அவள் துடைக்கத் துடைக்கப் பெண் டிரைவர்கள், ஆர்.வி.க்காரர்கள் என்று ஆட்கள் டீசல் ஷூவோடு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் ஷூவைத் தூக்கிக் கை கழுவும் தொட்டியிலேயே வைத்து அலசிவிட்டுப் போனாள். தன் வண்டிக்குள் வாடை வரக்கூடாது என்ற கவனம் அவளுக்கு. தொட்டியில் ஒட்டிய கறுப்புப் பிசுக்கை இந்தப் பெண் சுரண்டி எடுத்தாள். நான் நின்று பேச்சுக் கொடுத்தேன். டீசல் தரையைத் தண்ணீர் மட்டும் விட்டுத் துடைத்தால் இன்னும் வழுக்கும், முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும், பிறகுதான் சோப்பு என்று எனக்குச் சொல்லித்தந்தாள். பிறகு தன் ஷூவைக் காட்டினாள். வீட்டுக்குப் போனதும் இதை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிடுவேன், உள்ளே குழந்தை தவழ்கிறது என்றாள்.

அவளுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் அவள் கழற்றுகிற ஷூவில் இருப்பது நாங்கள் எல்லோரும் எங்கள் வண்டிக்குள் வரக்கூடாது என்று தள்ளிவிட்ட டீசல். மூன்று எட்டுத் தூரத்தில் இருக்கும் என் அம்மனுக்காக நான் காத்த சுத்தம், அவள் குழந்தை தவழும் தரையின் கணக்கில் எழுதப்படுமானால், அந்தச் சுத்தத்தை அம்மன் ஏற்கமாட்டாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் எங்கள் வழக்கத்தில் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டோம். பூட்ஸ் கழுவும் வேலையைக் கழிப்பறைத் தொட்டிக்குக் கொண்டுபோவதில்லை. பூனை வளர்ப்பவர்கள் வாங்கும் களிமண் துகள் ஒரு பை வெளிப்பெட்டியில் இருக்கிறது. ஒரு தட்டில் அதைக் கொட்டி, பூட்ஸோடு ஏறி நின்று நன்றாக மிதித்தால் அடியில் இருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். மிச்சத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தொட்ட துணியால் துடைத்துவிடலாம், வாளித் தண்ணீரே வேண்டாம். எண்ணெய் ஊறிய துகளையும் துணியையும் மூடிபோட்ட டப்பாவில் வைத்து, ஊருக்குத் திரும்பியதும் அபாயக் கழிவு வாங்கும் மையத்தில் கொடுக்கிறோம். நாங்கள் சிந்தியது என்றால் நாங்களே துகளைத் தூவி உறிஞ்சவைத்துக் கூட்டி எடுக்கிறோம். மாமியார் அடுத்த முறை வந்தபோது இதைப் பார்த்தார். கணவர் அந்த இடத்தைக் கூட்டி முடிக்கும் வரை படியில் நின்றுகொண்டிருந்தார். “அவன் வாசல் தெளிக்கிற மாதிரின்னா பண்றான்” என்றார். மடி பார்க்கிற அவர் வாயிலிருந்து வந்ததில் அதைவிடப் பெரிய ஒப்புதல் எனக்குத் தேவையில்லை.

ஷூவைக் கழற்றுவதை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். படியில் குனிந்து காலை வெறுமையாக்கும் அந்த ஒரு நொடியில், வெளி உலகத்தின் வேகம் என்னை விட்டு இறங்குகிறது. வீடு என்பது நான் வணங்கும் இடம் என்று உடம்புக்கு ஞாபகம் வருகிறது. இது தலைமுறை தலைமுறையாக எனக்கு வந்த நல்ல செல்வம். யாரையும் வாசலில் நிறுத்தாமல் இதை வைத்துக்கொள்ள முடியும். எங்கள் வண்டி வழியில் பழுதாகி நின்றபோது அதைச் சரிபார்க்க வந்த மெக்கானிக், எண்ணெய் படிந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டு படியிலேயே தயங்கினார். பழைய போர்வை ஒன்றை உள்ளே விரித்து, “வாங்க, உள்ளேயே வாங்க” என்று கூப்பிட்டேன். அம்மன் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அவர் காபி குடித்தார்.

ஆர்.வி. வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போது நிறைய இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டீசல் பூட்ஸுக்கு வெளியே ஒரு பெட்டி வையுங்கள், கம்பளம் தப்பிக்கும். கூடவே ஒரு பை களிமண் துகளும் வையுங்கள். சிந்திவிட்டால் கூச்சப்படாமல் கவுண்டரில் போய்ச் சொல்லுங்கள். தண்ணீரை ஊற்றி மழைநீர்க் கால்வாயில் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலான ஊர்களில் அது சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் டிரைவருக்குச் சட்டம் ஒரு நாளைக்கு 11 மணி நேரம் ஓட்ட அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு அவர் தூங்குவதும் அந்த லாரிக்குள்தான். அவர் கால் வைக்கப்போகும் இடத்தைத் துடைத்துவிட்டு உங்கள் வண்டியை எடுங்கள்.